வேப்பம்பூ மூட்டையோடு ஆறு நாள்

முதல் நாள், சத்தியமங்கலம்

புரசம்பூ பார்க்கத்தான் கிளம்பினேன். போன வருஷம் மாசி மாதத்தில் ரயிலில் போகும்போது தூரத்தில் ஒரு மரம், பேருக்குக்கூட இலை இல்லாமல், கிளையெல்லாம் தணல் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றது. என்ன மரம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டு முடிப்பதற்குள் ரயில் தாண்டிவிட்டது. ஒரு வருஷமாக அது மனசை அரித்துக்கொண்டே இருந்தது. இந்தப் பங்குனியில் ஆறு நாள் லீவு கிடைத்ததும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மாவுக்குத் திருவாரூர்ப் பக்கம். மலை என்றால் அவளுக்குத் திருச்சி உச்சிப்பிள்ளையார் கோயில்தான்.

ஈரோட்டில் இறங்கி கோபி வழியாக பஸ். வாய்க்கால் ஓரமெல்லாம் புங்க மரம் தளிர்விட்டுப் பளபளவென்று இருந்தது. கோபியில் பஸ் நின்ற இடத்தில் ஒரு புங்க மரத்தடியில் யாரோ மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போயிருந்தார். சீட்டு, டேங்க், ஹேண்டில்பார் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, அத்தனை பூ. வெளிறின ரோஜா நிறம், உருண்டை உருண்டையாக. பொரியைக் கொட்டினாற்போல என்று சங்கப் புலவர்கள் இதைத்தான் சொன்னார்கள். அவர்கள் கண்டது வெண்மணலில் கொட்டிய பூ. நான் கண்டது ரெக்ஸின் சீட்டில். உவமை அப்படியே பொருந்துகிறது.

லாட்ஜின் பின்பக்கம் ஒரு வேப்ப மரமும் ஒரு சரக்கொன்றையும். கொன்றையில் சரம் சரமாக மொட்டு, ஒன்றுகூட விரியவில்லை. வேம்பு உச்சத்தில் இருந்தது. சாயங்காலம் ஆனதும் அந்த வாசனை மாடிவரை ஏறி வந்தது. கசப்பு மரத்துக்கு இப்படி ஒரு தேன் வாசனை.

அம்மா ஜன்னலைத் திறந்து பார்த்தவள், "காலைல அடியில சேலைய விரிச்சுடலாம்டி. வருஷப் பிறப்புப் பச்சடிக்கு ஆச்சு" என்றாள். பூ பார்க்க வந்த இடத்தில் பூ பொறுக்கும் வேலை. சித்திரை ஒன்றுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

இரண்டாம் நாள், பண்ணாரி, திம்பம்

விடியற்காலை ஐந்தரைக்கே அம்மா பழைய வாயில் புடவையோடு கீழே இறங்கிவிட்டாள். லாட்ஜ் காவலாளி முதலில் முறைத்தார். பிறகு அவரே ஒரு கிளையைப் பிடித்து உலுக்கிக் கொடுத்தார். ஐந்து வெள்ளை இதழ், நடுவில் ஒரு குட்டிக் குழாய். ஒவ்வொன்றும் மூக்குத்திக் கல் அளவுதான். ஒரு மணி நேரம் பொறுக்கினாலும் இரண்டு கைப்பிடி தேறாது. அம்மாவுக்கு நாலு கைப்பிடி தேறியது.

பண்ணாரி அம்மன் கோயிலில் திருவிழாத் தொடக்கமான பூச்சாட்டு முடிந்து ஊர் நிறைந்திருந்தது. பங்குனியில் இங்கே குண்டம். தீ மிதிக்கிற குழிக்கு பக்தர்கள் காணிக்கையாகக் கொண்டுவரும் விறகுக்கு 'எரிகரும்பு' என்று பேர். இந்தச் சொல்லை இன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். விறகைக் கரும்பு என்று கூப்பிடும் ஊர் என்று நினைக்க நினைக்க இனித்தது. தரிசன வரிசை வாசலைத் தாண்டி ரோடு வரை நின்றது. "திரும்பி வரும்போது பாத்துக்கலாம்" என்று அம்மா வாசலிலிருந்தே கும்பிட்டுவிட்டாள்.

கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை. அதன் பின்னால்தான் நான் தேடி வந்த மரம் நின்றது. ஆனால் தணல் அணைந்த அடுப்பு மாதிரி. உச்சிக் கிளைகளில் பத்து, இருபது கொத்து மிச்சம். மற்ற கிளைகளில் பச்சைக் காய் தட்டையாகத் தொங்க ஆரம்பித்திருந்தது.

"ஏனுங்கம்மிணி, பூப் பாக்கவா இத்தனை தூரம் வந்தீங்க? ரெண்டு வாரம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா பொரச மரமெல்லாம் செவசெவன்னு இருந்திருக்குமுங்க" என்றார் கடைக்கார அம்மா. அந்தக் காலத்தில் கல்யாணம் காட்சி என்றால் பொரச இலையைத் தைத்துத்தான் சாப்பாடு போடுவார்களாம்.

விழுந்து கிடந்த ஒரு பூவைக் கையில் எடுத்தேன். அடியில் கரும்பழுப்பு வெல்வெட்டில் தைத்த குல்லா. அதற்குள்ளிருந்து ஆரஞ்சு இதழ் ஒன்று கிளி மூக்கு மாதிரி வளைந்து வருகிறது. இதழின் வெளிப்பக்கத்தை விரலால் தடவினால் பூனைக்குட்டியின் காது. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் வெள்ளி ரோமம் மின்னுகிறது. மூக்கை லேசாகக் கீழே இழுத்தால் உள்ளே மகரந்தத் தாள்கள் ஒரே கட்டாக ஒளிந்திருக்கின்றன. முகர்ந்து பார்த்தேன், ஒன்றுமே இல்லை. வாசனையைத் தேடி வரும் வண்டுக்கா இது பூக்கிறது? தேனுக்கு வரும் பறவைக்கு நிறம் போதும். மேலே மிச்சமிருந்த கொத்துகளில் இரண்டு மைனாவும் ஒரு தேன்சிட்டும் அடித்துக்கொண்டிருந்தன. நான் பிந்திவிட்டேன் என்று அவற்றுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

புரசைவாக்கம் என்ற பேரே இந்த மரத்தால் வந்தது என்பார்கள். 1757-ல் சண்டை நடந்த பிளாசிக்கும் இதே மரத்தின் வடமொழிப் பேரான பலாசம்தான் மூலம். புரசைவாக்கத்தில் அத்தனை வருஷம் குடியிருந்தும் ஒரு புரச மரத்தை நான் பார்த்ததில்லை, துணிக்கடைதான் பார்த்திருக்கிறேன்.

பஸ் திம்பம் மலைப்பாதையில் ஏறியது. 27 கொண்டை ஊசி வளைவு. லாரிகள் வளைவில் மூச்சுவாங்கி நிற்க, எங்கள் டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே ஏறினார். 2022 பிப்ரவரியிலிருந்து சாயங்காலம் ஆறு மணி முதல் காலை ஆறு வரை கனரக வண்டிகளுக்கு இங்கே தடை. பகலில் வரிசை கட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். புலிகள் காப்பகம் என்பதால் வழியில் இறங்க முடியாது. ஆகவே என் திம்பம் பூப் பட்டியல் முழுக்க ஜன்னல் பட்டியல்: கீழ் வளைவுகளில் புரசு, பாதியில் முள்ளிலவு, மேலே போகப் போக எங்கும் உண்ணிச்செடி.

ராத்திரி ஆசனூர். விடுதிக்காரர்கள் வலைத்தளத்தில் காட்டியிருந்த "காட்டுமலர்த் தோட்டம்" காகிதப்பூச் செடிகள் நாலு. அம்மா மொட்டை மாடியில் வேப்பம்பூவை உலர்த்தியாயிற்று.

மூன்றாம் நாள், ஆசனூர்

காலையில் ஒரு ஜீப். ஓட்டிய அண்ணன் ஊராளி இனத்தவர், நடு வயசு. தாளவாடிப் பக்கம் கன்னடம், எங்களிடம் தமிழ், செக்போஸ்ட்டில் வனத்துறைக்காரரிடம் இரண்டும் கலந்து. ரோட்டை விட்டு இறங்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். "ரோட்டுல இருந்தே எல்லாம் தெரியுமுங்க, அவசரப்படாம பாத்தாப் போதும்" என்றார்.

2013-ல்தான் இந்தக் காடு புலிகள் காப்பகம் ஆனது. அதற்கு முன் பல வருஷம் இந்தப் பேரைக் கேட்டாலே எல்லாருக்கும் சந்தனமும் துப்பாக்கியும்தான் ஞாபகம் வரும். பூ பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் சிரித்திருப்பார்கள்.

முதலில் கோங்கு. பாறைச் சரிவில், ஒரு இலைகூட இல்லாத வளைந்த கிளைகளின் நுனியில் உள்ளங்கை அகல மஞ்சள் பூ. தூரத்திலிருந்து பார்த்தால் மொட்டைக் கிளையில் யாரோ பித்தளைக் கிண்ணம் கவிழ்த்து வைத்த மாதிரி. இளவேனில் என்றால் பழைய பாட்டுக்காரர்களுக்குக் கோங்கும் பாதிரியும் குரவும்தான். பாதிரி இன்னும் பூக்கவில்லை, குரவம் எங்கள் கண்ணில் படவில்லை. மூன்றில் ஒன்று. கோங்கையும் இன்னொரு வாரம் கழித்து வந்திருந்தால் தவற விட்டிருப்பேன் என்று அண்ணன் சொன்னதும் கொஞ்சம் ஆறுதல்.

முள்ளிலவில் பூ முடிந்துவிட்டது. அடியில் கொழுத்த சிவப்பு இதழ்கள் வாடிக் கிடந்தன. பூ கொட்டும் நாட்களில் புள்ளிமான் கூட்டம் இந்த மரத்தடியை விட்டு நகராதாம். மேலே குரங்கு பாதி தின்று போடும், கீழே மான் மீதியைத் தின்னும். "பொத்துனு விழுமுங்க, தேங்கா விழுந்தாப்புல." இனி காய். இலவு காத்த கிளிக்கு இனிமேல்தான் வேலை.

வழிநெடுக ரோட்டின் இரண்டு பக்கமும் உண்ணிச்செடிப் புதர். ஜீப் நின்ற இடத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு கொத்து. நடுவில் மஞ்சள், ஓரத்தில் ரோஜா நிறம். ஒரே கொத்தில் இரண்டு நிறம் எப்படி என்றால், பூ விரியும்போது மஞ்சள். மகரந்தம் சேர்ந்த பிறகு நிறம் மாறிவிடுகிறது. ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது. கால் மணி நேரம் பார்த்தோம். மஞ்சளைத் தவிர வேறு எதிலும் அது வாய் வைக்கவில்லை. கடையில் 'ஸ்டாக் இல்லை' போர்டு மாட்டுகிற மாதிரி என்று எனக்குத் தோன்றியது.

"அழகாத்தான் இருக்கு" என்றாள் அம்மா.

"அழகுதானுங்கம்மா. ஆனா இது வந்த எடத்துல புல்லு மொளைக்காதுங்க. புல்லு இல்லீனா மானு ஏது? மானு இல்லீனா..." மீதியை அவர் சொல்லவில்லை. வெள்ளைக்காரர்கள் அலங்காரச் செடியாக அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது இது. இன்னொன்றையும் காட்டினார்: மஞ்சக் கொன்றை. இப்போது இலை மட்டும்தான். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். அது பூக்கும் காலத்தில் மலையே மஞ்சளாக இருக்கும், வருகிறவர்களும் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். முதுமலையிலும் இங்கேயும் அதை வெட்டிக் காகிதக் கூழுக்கு அனுப்புகிறார்கள். பூ என்றாலே கொண்டாட வந்த எனக்கு, வெட்டினால் நல்லது என்று சொல்லவும் ஒரு பூ இருக்கிறது என்பது கொஞ்சம் இடறியது. அம்மாவுக்கு இடறவில்லை. நெல்லுக்குள் கோரை முளைத்தால் அதுவும் பூக்கும்தானே என்றாள்.

காரப்பள்ளம் செக்போஸ்ட் வரை போய்த் திரும்பினோம். கர்நாடகாவிலிருந்து கரும்பு லாரி வரும் வழி இது. யானை நடுரோட்டில் நின்று லாரியை மறித்து, வேண்டிய மட்டும் உருவிக்கொண்டுதான் விடும். இன்றைக்கு யானை வரவில்லை. லாரிக்காரர் முகத்தில் நிம்மதி, அம்மா முகத்தில் ஏமாற்றம்.

மூன்று மணிக்கு இடி. விடுதிக்கு வந்து சேர்வதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. கோடை மழை, அரை மணி நேரம். மாடிக்கு ஓடினோம். வேப்பம்பூ புடவையோடு ஊறிக் கிடந்தது. அம்மா ஒரு வார்த்தை பேசாமல் பிழிந்தாள். அதிலேயே பாதி போயிருக்கும்.

ராத்திரி கரண்ட் இல்லை. இருட்டில் உட்கார்ந்திருந்தபோது குறுந்தொகைப் பாட்டு ஒன்று நினைவுக்கு வந்தது. கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை, கொன்றை பூத்துவிட்டது. தோழி சொல்கிறாள்: இந்தக் கொன்றைக்கு அறிவில்லை, சும்மா பெய்த வம்ப மழையைக் கார் என்று நினைத்துப் பூத்துவிட்டது. சத்தியமங்கலத்து லாட்ஜ் மரத்துக்கும் இன்றைக்கு இந்த மழை கிடைத்திருக்குமா?

நான்காம் நாள், கோத்தகிரி

நாள் முழுக்க பஸ். ஆசனூரிலிருந்து இறங்கி, சத்தி, சிறுமுகை, மேட்டுப்பாளையம், அங்கிருந்து ஏற்றம். எழுத அதிகம் இல்லை. அம்மாவுக்கு இரண்டு முறை வாந்தி.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். குஞ்சப்பனை தாண்டி வளைவுகளில் ஏறும்போது ஜன்னல் வழியாக மல்லிகை வாசனை. யாரும் பூ வைத்திருக்கவில்லை. பக்கத்து சீட் பாட்டி, "காப்பிப் பூ" என்றார். சரிவு முழுக்கக் காப்பிச் செடி, கிளையின் கணுவுக்குக் கணு வெள்ளைக் கொத்து, பனி ஒட்டியது போல. கோடை மழை ஒன்று விழுந்தால் ஒன்பது, பத்து நாளில் தோட்டமே ஒன்றாகப் பூக்குமாம். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். அப்படியென்றால் இங்கே பத்து நாள் முன்னால் மழை பெய்திருக்கிறது. காட்டுப்பூ இல்லைதான். அதற்காக மூக்கைப் பொத்திக்கொள்ள முடியுமா?

கோத்தகிரியில் தெருவுக்குத் தெரு ஜகரந்தா ஊதா. இதுவும் தென்னமெரிக்கா. நேற்றிலிருந்து ஒவ்வொரு மரத்தையும் ஊர் கேட்டுப் பார்க்கும் புத்தி வந்துவிட்டது, நல்லதற்கா தெரியவில்லை. வேப்பம்பூ ஹீட்டர் பக்கத்தில்.

ஐந்தாம் நாள், தொட்டபெட்டா

குறிஞ்சி பூத்திருக்கிறதா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். இல்லை. நீலகிரியில் 2018-ல் பூத்தது, 12 வருஷக் கணக்குப்படி இனி 2030. அதுவரை இங்கே வேறு பூவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

கோத்தகிரியிலிருந்து ஊட்டி போகும் ரோடு தொட்டபெட்டா பிரிவில் போய்ச் சேர்கிறது. உச்சி 2,637 மீட்டர். அம்மா குரங்குக் குல்லா, ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை. கீழே வேர்த்துக் கொட்டிய அதே பங்குனி இங்கே பல்லைக் கிட்டுகிறது.

காட்டுப்பூவரசு, அதாவது ரோடோடென்ட்ரான், இங்கேதான் நின்றது. உயரமில்லாத, முறுக்கிக்கொண்ட மரம். தடித்து வெடித்த பட்டை. கிளை நுனியில் இரத்தச் சிவப்பில் மணி மணியாய்ப் பூங்கொத்து. மாசியோடு பெரும்பகுதி முடிந்து, நிழல் பக்கத்து மரங்களில் மட்டும் மிச்சம். ஒரு மணிக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் கரும்புள்ளிகள், அதன் கீழே தேன் தேங்கி நிற்கிறது. கொத்துக்குப் பதினைந்து மணியாவது இருக்கும்.

"பூவரசா? பூவரசம்பூ மஞ்சளால்ல இருக்கும்?" என்று அம்மா நம்பவே இல்லை. அவள் ஊரில் வேலியெல்லாம் பூவரசு. இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத பிள்ளை கிடையாது. கீழே கிடந்த ஒரு இலையை எடுத்தாள். மேலே கரும்பச்சை, அடியில் பழுப்பு வெல்வெட்டு. சுருட்டி வாயில் வைத்து ஊதினாள். தோல் மாதிரி விறைத்த இலை, நடுவில் படக்கென்று ஒடிந்தது. பக்கத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இது பூவரசு இல்லடி" என்று தீர்ப்பு.

அவள் சொல்வதுதான் சரி. தாவர உறவில் இரண்டுக்கும் சம்பந்தமில்லை. இந்த மரத்துக்கு நெருங்கின சொந்தம் இமயமலையில் இருக்கிறது, இன்னொரு சொந்தம் இலங்கையில் நுவரெலியா, ஹோர்டன் சமவெளிப் பக்கம். நடுவில் இத்தனை ஆயிரம் கிலோமீட்டரில் ஒன்றும் கிடையாது. பனி யுகத்தில் குளிர் தெற்கே பரவியபோது கூடவே இறங்கி வந்து, பிறகு வெப்பம் ஏற ஏற மலையுச்சிக்கு ஒதுங்கிவிட்டது என்று ஒரு விளக்கம் உண்டு. அதற்குமேல் ஏறுவதற்கு இங்கே மலை இல்லை. அந்த முறுக்கின மரத்தடியில் நிற்கும்போது இந்த நினைப்பு கொஞ்ச நேரம் என்னை விடவில்லை.

ஊட்டிக்குள் போகவில்லை. தொட்டியில் வரிசையாக வைத்த பூவை மே மாதம் மலர்க்காட்சிக்கு வருகிற கூட்டம் பார்த்துக்கொள்ளட்டும். திரும்பும் வழியில் டீ குடிக்க நின்ற இடத்தில் ஓரமெல்லாம் சீகை (வாட்டில்) மரத்து மஞ்சள். ஆஸ்திரேலியா. அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாம் நாள், மறுபடி சத்தியமங்கலம்

காலை முதல் பஸ்ஸில் இறங்கினோம். மேட்டுப்பாளையத்தில் சத்தி பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தபோது, பஸ் ஸ்டாண்டுச் சுவர் ஓரத்தில் தும்பையும் வெட்டுக்காயப்பூண்டும் பூத்திருப்பதைப் பார்த்தேன். ஐந்து நாளாக மரத்து உச்சியையே பார்த்துக் கழுத்து வலி. குனிந்து பார்த்தால் தும்பைப் பூவில் சின்ன எறும்பு ஒன்று தலைகீழாக நுழைந்துகொண்டிருந்தது. நெருஞ்சியும் இருந்தது, செருப்பில் ஏறியது.

பண்ணாரியில் இந்த முறை ஒரு மணி நேரத்தில் தரிசனம். எரிகரும்பு அடுக்கு போன வாரத்தைவிட இரண்டு மடங்கு உயரம். டீக்கடைப் புரசில் மிச்சமிருந்த கொத்துகளும் போய்விட்டன. கடைக்கார அம்மா எங்களை அடையாளம் கண்டு, "மாசில வாங்க, மறந்துறாதீங்க" என்றார்.

ஈரோடு பஸ் ஏறுவதற்கு முன் விட்டுப்போன சார்ஜரை எடுக்க லாட்ஜுக்குப் போனேன். பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். கொன்றை பூத்துவிட்டது. மரம் முழுக்க இல்லை. தெற்குப் பக்கத்துச் சரங்கள் மட்டும். சரத்தின் மேல்பாதி விரிந்த மஞ்சள், கீழே போகப் போக மொட்டு சிறுத்து நுனியில் மிளகளவு. ஒரு பூவைத் திருப்பிப் பார்த்தேன்: ஐந்து இதழ், ஒளி ஊடுருவுகிற அளவுக்கு மெல்லிசு. மகரந்தத் தாள்களில் மூன்று மட்டும் நீண்டு கொக்கி போல மேலே வளைகின்றன, மற்றவை குட்டையாக நடுவில் ஒடுங்கிக் கிடக்கின்றன.

"இங்க மழை பெஞ்சுதாண்ணா?" என்று காவலாளியிடம் கேட்டேன்.

"ஒரு சொட்டு இல்லீங்க. வருஷா வருஷம் இந்த நேரத்துக்குப் பூக்குமுங்க அது."

ஆக, வம்ப மழையும் இல்லை. தோழி பொய்தான் சொல்லியிருக்கிறாள், பாவம்.

அம்மா அதற்குள் வேப்ப மரத்தடியில் புடவையை விரித்துவிட்டாள். பஸ்ஸுக்கு இருபது நிமிஷம்தான் இருக்கிறது என்றேன். "மலைல நனைஞ்சது பாதி, ஹீட்டர்ல கருகுனது பாதி. நீ கெளைய உலுக்கு" என்றாள். உலுக்கினேன். பத்தரை பஸ் போய்விட்டது. அடுத்தது பதினொன்றே காலுக்கு. இப்போது மடியில் ஈரம் காயாத மூட்டையோடு கோபி தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறோம். பஸ் முழுக்க வேப்பம்பூ வாசனை.